வானத்திலிருந்து பாடும் ரேடியோ... வாங்கலாமா?

கேள்வி: ‘‘கொல்லிமலையில் இரண்டு ஏக்கரில் மிளகும் காபியும் இருக்கின்றன. தோட்டம் பள்ளத்தில் இருப்பதால் செல்போன் டவர் எட்டுவதில்லை. பண்பலை ரேடியோவும் ஒரே இரைச்சல். களத்தில் மிளகு காயும்போது மழை வருமா, வராதா என்று தெரிந்தால் போதும். போன வருஷம் தெரியாமல் நனையவிட்டு, பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்துவிட்டது. இப்போது ஒருவர், ‘டவரே தேவையில்லை, சாட்டிலைட்டிலிருந்து நேராகப் பாடும்’ என்று சொல்லி, பழைய வேர்ல்டுஸ்பேஸ் ரேடியோ ஒன்றை 3,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? சாட்டிலைட் ரேடியோ எப்படி வேலை செய்கிறது?’’
- வாசகர், கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம்.

பதில்: வாங்க வேண்டாம். அந்தப் பெட்டி பழுதே இல்லாமல் புதுசு போல இருந்தாலும், அதில் சாட்டிலைட் நிகழ்ச்சி எதுவும் கேட்காது. வேர்ல்டுஸ்பேஸ் சேவை இந்தியாவில் 2009 டிசம்பர் 31-ம் தேதியோடு நின்றுவிட்டது. விற்பவர் போட்டுக் காட்டும்போது பாட்டு வந்தாலும் நம்பிவிடக் கூடாது. அந்தப் பெட்டிகளில் சிலவற்றில் சாதாரண பண்பலையும் மத்திய அலையும் சேர்ந்தே இருந்தன. ஊருக்குள் வைத்துப் போட்டால் பண்பலை பாடும். தோட்டத்துக்குக் கொண்டுபோனால் பழையபடி இரைச்சல்தான்.

ஆனால், அவர் சொல்கிற சங்கதியில் உண்மை இல்லாமல் இல்லை. டவரே இல்லாமல் வானத்திலிருந்து நேராகப் பாடும் ரேடியோ ஒன்பது, பத்து வருஷம் இந்தியாவில் ஓடியது. அமெரிக்காவில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில், பள்ளத்தில் ஏன் பண்பலை எடுப்பதில்லை என்று பார்ப்போம். பண்பலையின் அலை நீளம் சுமார் 3 மீட்டர். இது கிட்டத்தட்ட டார்ச் லைட் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். குறுக்கே மலை நின்றால், மறைவில் இருக்கிற தோட்டத்துக்கு நிழல்தான். மத்திய அலை அப்படியில்லை. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 320 மீட்டர். அவ்வளவு நீண்ட அலை, மேடு பள்ளத்தை ஒட்டி ஊர்ந்து போகக்கூடியது. சிற்றலை இன்னொரு ரகம். மேலே போய், வானத்தின் மின்னேற்ற அடுக்கில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். அதனால்தான் இலங்கை வானொலியும் பி.பி.சி-யும் அந்தக் காலத்தில் மூலை முடுக்கெல்லாம் கேட்டன.

சாட்டிலைட் ரேடியோ என்பது, டவரையே தூக்கி வானத்தில் நிறுத்திய மாதிரி. பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை விட்டால், அது பூமி சுற்றும் அதே வேகத்தில் கூடவே சுற்றும். கீழே இருந்து பார்க்கிறவருக்கு ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். தரையில் உள்ள நிலையம் பாட்டையும் பேச்சையும் எண்களாக மாற்றி, சுருக்கி, பெரிய டிஷ் வழியாக மேலே அனுப்பும். செயற்கைக்கோள் அதை வாங்கி, வேறு அலைவரிசைக்கு மாற்றி, பலப்படுத்திக் கீழே தெளிக்கும். மேலே போய்க் கீழே வர கால் நொடி ஆகும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் பூமியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தெரியும் என்பதால், மலையின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பேச்சே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் வந்து சேரும்போது அலை மிக மிகப் பலவீனமாகிவிடுகிறது. வெட்டவெளியில் எடுக்கும், ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் கீழே எடுக்காது. செல்போனில் ஜி.பி.எஸ் வைத்து நிலம் அளக்கிறவர்களுக்கு இது பழகிய விஷயம். வரப்பில் நின்றால் உடனே இடத்தைக் காட்டும். மோட்டார் ரூமுக்குள் போனால் திணறும். அதுவும் செயற்கைக்கோளிலிருந்து வருகிற பலவீனமான அலைதான். வேர்ல்டுஸ்பேஸ் பயன்படுத்திய அலைவரிசையும் (1467-1492 மெகாஹெர்ட்ஸ்) ஜி.பி.எஸ்-ஸுக்கு அக்கம்பக்கத்து அலைவரிசையே.

இந்த வேர்ல்டுஸ்பேஸ் நிறுவனத்தை 1990-ம் ஆண்டு தொடங்கியவர் எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா. ஆப்பிரிக்காவில் செய்தி போய்ச் சேராத கிராமங்களுக்கு ரேடியோவைக் கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1998 அக்டோபரில் ‘ஆஃப்ரிஸ்டார்’, 2000 மார்ச்சில் ‘ஏசியாஸ்டார்’ என்று இரண்டு செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. ஒவ்வொன்றும் மூன்று கற்றைகளாக ஒலியைக் கீழே இறக்கியது. இந்தியாவுக்கு வந்தது ஏசியாஸ்டார் ஒலி. கையகல ஆன்டெனாவைக் கிழக்கே, சற்றுத் தென்புறம் சாய்த்து, பாதி வானத்துக்குக் கொஞ்சம் மேலே பார்க்கும்படி ஜன்னலிலோ மாடியிலோ வைப்பார்கள். தமிழுக்கென்று ‘கே.எல் ரேடியோ’ என்ற தனிச் சேனலே இருந்தது. விளம்பரத் தூதராக ஏ.ஆர்.ரஹ்மான் இருந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஆப்பிரிக்காவில் நடந்ததுதான். நைஜர் போன்ற வறண்ட நாடுகளில் மழையைப் பார்த்துத்தான் கம்பும் சோளமும் விதைக்கிறார்கள். தலைநகரில் வானிலை அலுவலகம் இருந்தும், அதன் செய்தி கிராமத்துக்குப் போக வழியில்லை. ‘ரானெட்’ என்ற திட்டத்தில், வானிலைத் தகவல்களை ஆஃப்ரிஸ்டார் வழியாக அனுப்பினார்கள். கிராமத்தில் ஒரே ஒரு சாட்டிலைட் பெட்டி இருந்தால் போதும். அங்கே வாங்கிய தகவலைச் சின்னஞ்சிறு சமுதாயப் பண்பலை நிலையம் உள்ளூர் மொழியில் சொல்லும். கையால் சுற்றி இயக்கும் ரேடியோக்களில் சுற்றுவட்டாரம் முழுக்கக் கேட்கும். வீட்டுக்கு வீடு விலை உயர்ந்த பெட்டி வைப்பதைவிட இது எவ்வளவோ புத்திசாலித்தனம்.

வியாபாரம் மட்டும் தேறவில்லை. தொடக்கத்தில் இலவசமாகக் கேட்ட சேனல்களுக்குப் பிறகு சந்தா கேட்டார்கள். செயற்கைக்கோளுக்கு யார் கேட்கிறார், எத்தனை பேர் கேட்கிறார் என்று தெரியாது. ஒருவர் கேட்டாலும் ஒரு கோடிப் பேர் கேட்டாலும் அதற்குச் செலவு ஒன்றுதான். அதனால், ஒலியைப் பூட்டி அனுப்பி, பணம் கட்டியவரின் பெட்டிக்கு மட்டும் திறப்புக் குறியீடு கொடுப்பார்கள். இதே காலத்தில் நகரங்களில் தனியார் பண்பலை பெருகியது; பாட்டு செல்போனுக்குள்ளேயே வந்துவிட்டது. ஜன்னலோரத்தில் ஆன்டெனா வைத்துக் காசு கட்டிக் கேட்க வேண்டிய கட்டாயம் ஊர்ப்புறத்தாருக்குத்தான் இருந்தது. விளம்பரமும் விற்பனையும் என்னவோ நகரத்தைச் சுற்றியே நடந்தன. 2008 அக்டோபரில் அந்த நிறுவனம் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டது. அடுத்த ஆண்டுக் கடைசியில் இந்தியாவில் இருந்த பெட்டிகள் எல்லாம் ஊமையாகின.

அமெரிக்காவில் இதே தொழில்நுட்பம் பிழைத்ததற்குக் காரணம் கார். அங்கே தினமும் பல மணி நேரம் காரில் போகிறார்கள். ஊர் தாண்டினால் பண்பலை மாறிக்கொண்டே இருக்கும். 2001-ல் ஒலிபரப்பைத் தொடங்கிய எக்ஸ்.எம்., அதையடுத்து வந்த சிரியஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களும் இதைப் பிடித்துக்கொண்டன. கட்டடங்கள் மறைக்கும் நகரங்களில் தரையிலும் துணை நிலையங்கள் வைத்தன. பாலத்துக்கு அடியில் கார் போனாலும் பாட்டு அறுந்துபோகாமல் இருக்க, சில நொடி இடைவெளி விட்டு ஒரே ஒலியை இரண்டு முறை அனுப்பி, பெட்டிக்குள் சேமித்துக் கோத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. 2008-ல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அந்த ஒலி இந்தியாவுக்கு எட்டாது. எனவே, அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டியாலும் பயனில்லை.

சரி, கொல்லிமலைத் தோட்டத்துக்கு என்ன வழி?

சாட்டிலைட்டிலிருந்து நேராக ரேடியோ கேட்க இன்றைக்கு இருக்கிற எளிய வழி, தூர்தர்ஷனின் ‘டி.டி ஃப்ரீ டிஷ்’. மாதக் கட்டணம் கிடையாது. டிஷ், பெட்டி வாங்கும் செலவு ஒருமுறைதான். டி.வி சேனல்களோடு ஆகாசவாணியின் ரேடியோ சேனல்களும் அதில் வருகின்றன, தமிழும் உண்டு. டிஷ் தென்கிழக்குத் திசையில், நன்றாக மேலே நிமிர்ந்து பார்க்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் அந்தச் செயற்கைக்கோள் தரையிலிருந்து 65 டிகிரிக்கும் மேலான உயரத்தில் நிற்கிறது. அதனால் பள்ளத்தில் உள்ள தோட்டத்துக்கும் மலை மறைக்காது. சில்வர் ஓக் கிளைகள் மறைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ரேடியோவுக்காக டி.வி ஓட வேண்டும் என்பதும் இல்லை. பெட்டியின் பின்னால் சிவப்பு, வெள்ளை நிறத்தில் ஒலிக்கான துளைகள் இருக்கும். அதில் ஸ்பீக்கரை இணைத்து, ஒருமுறை டி.வி-யில் பார்த்துச் சேனல் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டால், பிறகு எண்ணை அழுத்தினாலே கேட்கும்.

ஆனால், அதில் வருவது பொது ஒலிபரப்பு. நாமக்கல், திருச்சி வட்டாரத்துக்கான வானிலையும் வேளாண்மைச் செய்தியும் வேண்டுமென்றால் திருச்சி வானொலிதான் பொருத்தம். கொல்லிமலையிலிருந்து நேர்கோட்டில் திருச்சி 70 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. எனவே, சாட்டிலைட் பெட்டிக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, மத்திய அலை எடுக்கும் நல்ல பேட்டரி ரேடியோ ஒன்றை வாங்கி முதலில் சோதிக்கலாம். வாங்கும்போது ‘எஃப்.எம்’ மட்டும் உள்ள பெட்டியைத் தலையில் கட்டிவிடுவார்கள், ‘ஏ.எம்’ அல்லது ‘எம்.டபிள்யூ’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மத்திய அலைக்கான ஆன்டெனா, பெட்டிக்கு உள்ளே குச்சி போல படுத்திருக்கும். மேலே இழுக்கும் கம்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதனால், பெட்டியையே திருப்பிப் பார்க்க வேண்டும். முகமோ முதுகோ தென்கிழக்கில் திருச்சியைப் பார்க்கும்படி வைத்தால் பெரும்பாலும் தெளிவாக எடுக்கும். எல்.இ.டி பல்பு, செல்போன் சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் ஆகியவற்றின் பக்கத்தில் வைத்தால் கரகரப்புதான் மிஞ்சும். வேலியில் மின்சாரம் பாய்ச்சும் கருவி இருந்தால், ‘டக்... டக்...’ என்று ஒரே தாளத்தில் சத்தம் வரும்.

திருச்சி வானொலியின் பண்ணை இல்ல ஒலிபரப்பு சாதாரணமானதல்ல. 1960-களில் ஏ.டி.டி-27 என்ற நெல் ரகம் தஞ்சைப் பகுதியில் இந்த நிலையம் வழியாகப் பரவியதால், விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வாரத்தில் செவ்வாய், வெள்ளி ஆகிய இரண்டு நாள்களில் இந்திய வானிலைத் துறையும் வேளாண் நிறுவனங்களும் சேர்ந்து, மாவட்ட வாரியாக ஐந்து நாள்களுக்கான மழை, வெப்பநிலைக் கணிப்பை வெளியிடுகின்றன. ‘மேக்தூத்’ செயலியில் இது தமிழிலும் கிடைக்கும். அந்த நாள்களில் டவர் எடுக்கிற மேட்டுக்கு வருகிறவர் பார்த்துக்கொண்டு போனால், களத்தில் மிளகைக் கொட்டலாமா, மூட்டையிலேயே வைக்கலாமா என்று முடிவு செய்யலாம். மிளகு காய்ந்து முடிய நல்ல வெயிலில் நான்கைந்து நாள்கள் ஆகும். அந்தக் கணிப்பும் அதே அளவு நாளுக்குத்தான்.

கேள்வி: ‘‘பலத்த மழை பெய்தால் டிஷ் ஆன்டெனாவில் படம் நின்றுவிடுகிறது. புயல் நேரத்தில்தான் செய்தியே தேவை. டிஷ்ஷைப் பெரிதாக மாற்றினால் சரியாகுமா?’’
- வாசகர், வேதாரண்யம், நாகப்பட்டினம் மாவட்டம்.

பதில்: ஓரளவுக்குச் சரியாகும்; முழுமையாகத் தீராது. வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். பெரிய மழைத்துளிகள் அந்த அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. முந்தைய கேள்வியில் பார்த்த வேர்ல்டுஸ்பேஸ் அலையின் நீளம் 20 சென்டிமீட்டர் என்பதால், மழை அதை அவ்வளவாகத் தொடவில்லை. அந்த ஒரு நல்ல குணம் இருந்த சேவைதான் நின்றுபோனது.

டிஷ் பெரிதானால் அதிக அலையைச் சேர்க்கும். மிதமான மழையைத் தாங்கும். அதற்கு முன்னால், டிஷ்ஷின் குறி சரியாக இருக்கிறதா, மூக்குப் பகுதியில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா, கேபிள் முனையில் துருப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடலோரத்தில் உப்புக் காற்றுக்கு முதலில் போவது அந்த முனைதான். தூறலுக்கே படம் நின்றால் கோளாறு மழையில் இல்லை, அங்கேதான்.

கடலுக்குப் போகிற குடும்பத்தினருக்கு இன்னொரு கருவி இருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. செல்போன் அலை கரையிலிருந்து சில கிலோமீட்டருக்கு மேல் போகாது. அதற்குப் பிறகு, 2019-ல் ‘ஜெமினி’ என்ற சிறிய கருவி வந்தது. ‘ககன்’ செயற்கைக்கோள் அமைப்பு வழியாகப் புயல், அலை எச்சரிக்கைகளையும் மீன் கிடைக்கும் இடங்களையும் வாங்கி, புளூடூத் மூலம் செல்போனில் தமிழில் காட்டும். சாட்டிலைட் ரேடியோ மாதிரியே இதுவும் ஒருவழிப் பாதைதான். படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. விவரங்களை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்கலாம்.

கரையில் இருப்பவர்களுக்கு, கரன்டும் கேபிளும் போன பிறகும் மிஞ்சுவது பேட்டரி ரேடியோதான். புயல் சின்னம் என்று செய்தி வந்த உடனே புது பேட்டரி வாங்கி, ரேடியோவில் போடாமல் தனியாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டும். பழைய பேட்டரியை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவைத்தால் கசிந்து, தேவைப்படுகிற அன்றைக்குப் பெட்டி வேலை செய்யாது.