பாஸை மிதிக்க ஆசையா?

ஆபீஸில் வேலை பார்க்கும் எவனுக்கும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது பாஸைக் காலால் மிதிக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். இல்லை என்று சொல்பவர் ஒன்று பொய் சொல்கிறார், அல்லது அவரே பாஸ்.

என் நண்பர் ஒருவர் இந்த லட்சியத்துக்காக தீபாவளி போனஸைத் தொடாமல் வைத்திருந்தார். அவசரப்பட்டு 100-க்கு போன் போடாதீர்கள். அவர் மிதிக்க நினைத்தது பாஸ் என்கிற ஜப்பான் கம்பெனியின் பெடலை. கச்சேரி மேடையில் கிடார்க்காரரின் காலடியில் சோப்பு டப்பா சைஸில் ஒரு பெட்டி கிடக்குமே, அது. கிடாரிலிருந்து வருகிற ஒயர் அதற்குள் நுழைந்து மறுபக்கமாக ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். ஒரு மிதி மிதித்தால் கிடார் சத்தம் வேறு மாதிரி ஆகிவிடும். இன்னொரு மிதி, பழையபடி.

நண்பருக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. ராத்திரியானால் மெல்லிசைக் குழுவில் கிடார். பகலில் டெபிட், கிரெடிட். இரவில் டி மைனர், ஜி மேஜர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றார்.

"மாப்ளே, கோரஸ் பெடல் ஒண்ணு வாங்கோணும். கூட வைப்ரேட்டோவும் இருக்கோணும். மெட்ராஸ் போலாம், வா."

"நான் பி.காம். எனக்கென்னப்பா தெரியும்?"

"அதுக்குத்தான் கூப்பிடறேன். பேரம் பேச ஆள் வேணும்."

எதற்கு இந்த திடீர் பெடல் என்று துருவியதில் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் குழுவில் பதினைந்து வருஷமாக இரண்டு கிடார். ஒன்று இவர். இன்னொன்று, இவருக்குக் கிடாரைப் பிடிக்கவே சொல்லிக் கொடுத்த அண்ணன். (கூடப் பிறந்தவர் இல்லை. சேலத்துக்காரர். குழுவில் எல்லாருக்குமே அவர் அண்ணன்தான்.) தை மாசம் அண்ணனுக்குப் பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை. நடை தேறிவிட்டது. இடது கை விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கிடாரில் கம்பியை அழுத்திச் சுரம் பிடிப்பது அந்தக் கைதான்.

"ஆடிப் பண்டிகைக்குள்ள ரெண்டு கிடார் சத்தம் வந்தாகணும் மாப்ளே. வேற ஆள் போட்டா அண்ணன் மனசு கஷ்டப்படும். கோரஸ் போட்டா, ஒருத்தன் வாசிச்சாலே ரெண்டு பேர் மாதிரி கேக்குமாம்."

கிண்டலடிக்கத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அவர் சொன்னது உண்மைதான். கோயிலில் ரெட்டை நாயனம் கேட்டிருப்பீர்கள். இரண்டு பேரும் ஊதுவது ஒரே சுரம். ஆனால் ஒருவர் இம்மி முன்னே, ஒருவர் இம்மி பின்னே. ஒருவர் சுருதி மயிரிழை மேலே, இன்னொருவருடையது மயிரிழை கீழே. அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் சத்தம் அகலமாகி, பிராகாரம் முழுக்க நிரம்புகிறது. கோரஸ் பெடல் அந்த இரண்டாவது ஆளைப் பெட்டிக்குள்ளேயே தயார் செய்கிறது.

நம் ஆபீஸ் பாஷையில் சொன்னால் கார்பன் காப்பி. கார்பன் பேப்பர் கொஞ்சம் நகர்ந்துவிட்டால் எழுத்து இரட்டையாகத் தெரியுமே, அதை வேண்டுமென்றே செய்வது. கிடார் சத்தத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அப்படியே அனுப்பும். இன்னொன்றை ஒரு செகண்டில் ஐம்பதில் ஒரு பங்கு போல நேரம் நிறுத்தி வைத்து அனுப்பும். அந்தத் தாமதத்தையும் ஒரே அளவில் வைக்காமல் கூட்டிக் குறைத்து ஆட்டிக்கொண்டே இருக்கும்.

தாமதத்தை ஆட்டினால் சுருதி ஏன் ஆடுகிறது? இதை நாமக்கல்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பைபாஸில் நிற்கிறீர்கள். ஏர் ஹாரனை அலறவிட்டபடி ஒரு லாரி வருகிறது. நெருங்கும்போது சுருதி ஏறிக் கேட்கும். தாண்டியதும் சட்டென்று இறங்கிவிடும். பெடலுக்குள்ளேயும் அதே கதை. தாமதம் குறைந்துகொண்டே வந்தால், நம்மை நோக்கி வருகிற லாரி. கூடிக்கொண்டே போனால், விலகிப் போகிற லாரி.

இப்படி ஆடுகிற காப்பியை மட்டும் கேட்டால் அது வைப்ரேட்டோ. ஆடாத ஒரிஜினலையும் சேர்த்துக் கேட்டால் கோரஸ். வித்தியாசம் அவ்வளவுதான். சேலத்தில் தட்டுவடை செட் சாப்பிட்டவர்களுக்கு உடனே புரியும். இரண்டு தட்டுவடை, நடுவில் சட்னி, துருவிய பீட்ரூட் இருந்தால்தான் செட். ஒன்றை உருவிவிட்டால் அது வேறு பலகாரம்.

சத்தத்தை எப்படி நிறுத்தி வைக்கிறார்கள்? வீட்டுக்குக் கான்கிரீட் போடுகிற அன்றைக்கு ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கை மாற்றுவார்களே, அதே டெக்னிக். 1969-ல் பிலிப்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்தது. தண்ணீர் வாளியைக் கை மாற்றுவதை நினைத்து அந்தச் சில்லுக்கு 'பக்கெட் பிரிகேட்' என்று பெயர். பழைய கோரஸ் பெடல்களில் இருக்கும் எம்.என்.3007 என்ற சில்லில் 1,024 கட்டங்கள். சத்தம் அந்த 1,024 கை மாறி வந்து சேர்வதற்குள் தாமதம் ஆகிவிடுகிறது. ஃபைல் ஒரு டேபிளிலிருந்து அடுத்த டேபிளுக்குப் போவதைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

1975-ல் ரோலண்ட் கம்பெனி ஜேசி-120 என்று ஓர் ஆம்ப்ளிஃபயர் கொண்டுவந்தது. அதில் இரண்டு ஸ்பீக்கர். ஒன்றில் ஆடாத சத்தம், மற்றதில் ஆடுகிற சத்தம். இரண்டும் காற்றில் கலந்து காதுக்கு வரும்போது கோரஸ். அந்த சர்க்யூட்டை மட்டும் தனியே எடுத்து 1976-ல் சிஇ-1 என்று பெட்டியாக்கினார்கள். பாஸ் பெயரில் வந்த முதல் பெடல் அதுதான். கோரஸா, வைப்ரேட்டோவா என்று மாற்ற அதிலேயே ஒரு ஸ்விட்ச். 1979-ல் சோப்பு டப்பா சைஸில் சிஇ-2 வந்தது. அதற்கும் முன்னாலேயே, ஜப்பானில் செய்த யூனி-வைப் என்ற பெட்டியை 1969-ல் உட்ஸ்டாக் விழாவுக்கு எடுத்துப் போனவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். அதற்குள்ளே ஒரு பல்பு மினுக் மினுக்கென்று எரியும். சுற்றி நாலு ஒளி உணரிகள். அதிலும் கோரஸ், வைப்ரேட்டோ என்று இரண்டு நிலை உண்டு. ஆக, இந்த இரண்டும் பிறவியிலேயே ஒட்டிப் பிறந்தவை.

ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடிகாலை சென்னையில் இறங்கி, பல் விளக்கி, கடை திறக்கும் வரை காத்திருந்து உள்ளே போனோம். அங்கே நாலு மணி நேரம் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பெடல் வாங்குகிற உத்தேசம் உள்ளவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கடலை மடித்துக்கொள்ளலாம்.

முதல் விஷயம், சொந்தக் கிடாரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கடையில் இருக்கும் உசத்திக் கிடாரில் எந்தப் பெடலும் நன்றாகத்தான் கேட்கும். ஜவுளிக்கடைக் கண்ணாடியில் எல்லாரும் அழகாகத் தெரிவதில்லையா?

இரண்டாவது, ரேட், டெப்த் என்ற இரண்டு திருகுகள். ரேட் என்றால் எவ்வளவு வேகமாக ஆட வேண்டும், டெப்த் என்றால் எவ்வளவு தூரம் ஆட வேண்டும். நண்பர் உற்சாகத்தில் டெப்த்தை முழுசாகத் திருப்பினார். கிடார் அப்போதுதான் டாஸ்மாக்கிலிருந்து வெளியே வந்த மாதிரி தள்ளாடியது. இரண்டையும் பாதிக்குக் கீழே வைத்து, மெதுவாக ஒரு கார்ட் பிடித்து, நீளமாக விட்டுக் கேட்க வேண்டும். அப்படி வைத்தும் அழகாக இருந்தால்தான் அது நல்ல பெடல். மிக்ஸ் அல்லது லெவல் என்று மூன்றாவது திருகு இருந்தால், காப்பியை எவ்வளவு கலக்கலாம் என்பது நம் கையில்.

திருகு அதிகமாக இருந்தால்தான் உசத்தி என்பதும் இல்லை. ஸ்மால் க்ளோன் என்றொரு அமெரிக்கப் பெடல். ஒரே ஒரு திருகு, ஒரே ஒரு ஸ்விட்ச். நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் 90-களில் அதை வைத்தே உலகத்தை ஆட்டினார். (குழுவின் பெயர்தான் அப்படி. சட்டை போட்டுக்கொண்டுதான் வாசித்தார்கள்.)

மூன்றாவது, பெடலை மிதித்ததும் சத்தம் குறைகிறதா, வாசிக்காமல் இருக்கும்போது 'ஸ்ஸ்' என்று இரைகிறதா என்று பார்க்க வேண்டும். நாலாவது, இரண்டு ஸ்பீக்கரில் கேட்டு மயங்கக் கூடாது. ஸ்டீரியோவில் சொர்க்கமாக இருப்பது ஒற்றை ஸ்பீக்கரில் சாதாரணமாகிவிடலாம். நம் ஊர் மேடையில் கிடாருக்கு ஓர் ஒயர் கொடுத்தாலே பெரிய விஷயம்.

ஐந்தாவது, கரண்ட். இந்தப் பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட். அடாப்டர் பின்னில் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். வீட்டில் கிடக்கும் டிவி பெட்டி அடாப்டர் அநேகமாக நேர் எதிர், வோல்டேஜும் கூட. அவசரத்துக்கு அதைச் செருகி, இரவல் வாங்கிய ஒரு பெடலைப் புகையாக்கிய அனுபவம் நண்பருக்கு உண்டு. இரவல் கொடுத்தவர் இன்றும் எதிரில் வந்தால் நண்பர் வேறு தெருவில் திரும்பிவிடுவார்.

கடைசியாக, வைப்ரேட்டோ தேவையா என்று நாலு தடவை யோசிக்க வேண்டும். பெடல் எல்லாச் சுரத்தையும் ஒரே மாதிரி ஆட்டும். விரல், ஆட்ட வேண்டிய சுரத்தை மட்டும் ஆட்டும். எலெக்ட்ரிக் கிடாரில் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்கிற கிடார் பிரசன்னாவைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கமகமெல்லாம் விரலில் இருப்பது.

மூவாயிரம், நாலாயிரத்துக்குச் சின்னச் சின்னச் சீனப் பெடல்களும் இருந்தன. குறை சொல்ல முடியாது. ஆனால் கோரஸும் வேண்டும், வைப்ரேட்டோவும் வேண்டும், ஒற்றை ஸ்பீக்கரிலும் கேட்க வேண்டும் என்று கழித்துக்கொண்டே வந்ததில் நண்பர் நின்ற இடம் சிஇ-2டபிள்யூ. 2016-ல் வந்த மாடல். ஒரே ஸ்விட்சில் பழைய சிஇ-2 சத்தம், சிஇ-1 கோரஸ், சிஇ-1 வைப்ரேட்டோ. விலை? போனஸ் மொத்தமும். என் பேரத்துக்குக் கிடைத்தது ஒரு டஜன் பிக்கும் ஒரு டீயும்.

அடுத்த வாரம் ரிகர்சல். அண்ணனையும் ஆட்டோ வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். நண்பர் பெடலை மிதித்து ஒரு பாட்டு முழுக்க வாசித்தார். நிஜமாகவே இரண்டு கிடார் மாதிரி இருந்தது. எல்லாரும் அண்ணன் முகத்தைப் பார்த்தோம்.

"ரெண்டு பேர் வாசிக்கற மாதிரித்தான் இருக்குது" என்றார் அண்ணன். "ஆனா ரெண்டு பேருமே நீதான்டா."

நண்பருக்கு முகம் செத்துவிட்டது.

"நீ இழுத்தா அவனும் இழுக்கறான். நீ தப்பு விட்டா அவனும் அதே தப்பு. நான் பக்கத்துல நின்னு அப்படியா வாசிச்சேன்?"

பதில் இல்லை. பதினைந்து வருஷமாக இவர் ஓடும்போது அவர் பிடித்து நிறுத்தியிருக்கிறார், இவர் தூங்கும்போது அவர் தட்டி எழுப்பியிருக்கிறார். அதை எந்தச் சில்லில் 1,024 கட்டம் போட்டு அடைக்க முடியும்? நண்பர் குனிந்து ஒயரைக் கழற்றப் போனார்.

"கழட்டாதே. அந்தப் பொட்டியை எடுத்து ஸ்டூல் மேல வை" என்றார் அண்ணன்.

பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலது கைதான் நன்றாக இருக்கிறதே! பல்லவிக்கு ரேட்டைப் பாதியாகக் குறைத்தார். தாழ்ந்த சுரங்கள் வரும்போது சேறாகக் குழம்பாமல் டெப்த்தை இறக்கினார். கீபோர்டு முழங்குகிற இடத்தில், அதிலேயே கோரஸ் இருக்கிறது என்று, பெடலைக் கையாலேயே தட்டி அணைத்தார். இடையிசையின் கடைசி நீளச் சுரத்தில் மட்டும் ஸ்விட்சை வைப்ரேட்டோவுக்குத் தள்ளி, ரேட்டை மெல்ல, மெல்ல ஏற்றினார்...

அந்தச் சுரம் நண்பருடையது. அதன் நடுக்கம் அண்ணனுடையது.

பாட்டு முடிந்து யாரும் பேசவில்லை. டிரம்ஸ்காரர்தான் மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷமாம்.

ஆடியில் கச்சேரி நடந்தது. முடிந்ததும் விழாக் கமிட்டிக்காரர் பணத்தை எண்ணிக்கொண்டே, "ஏனுங்க, ரெண்டு கிடாருன்னு பேசுனோம். மேடைல ஒண்ணுதானுங்களே இருந்துச்சு?" என்றார்.

"கேட்டீங்களா, எண்ணிப் பாத்தீங்களா?" என்றார் நண்பர்.

கமிட்டிக்காரர் யோசித்தார். "கேக்கறப்போ ரெண்டுதானுங்க" என்று முழுத் தொகையையும் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி குழுவின் கணக்கு நோட்டைப் பார்த்தேன். 'கிடார் - 2 பேர்' என்று எழுதி, இரண்டு சம பங்கு பிரித்திருந்தது. பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கணக்கில் ஒரு பைசா தப்பில்லை.

ஒரே ஒரு வருத்தம். காலால் மிதிக்கலாம் என்று ஆசையாக வாங்கிய பாஸை, கடைசியில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, அவர் ஆட்டுகிறபடி இவர் வாசிக்கும்படி ஆகிவிட்டது. ஆபீஸிலும் அதுதானே நடக்கிறது?