பயிரின் பசுமை மண்ணுக்குச் சான்று அல்ல

“பயிர் தளதளவென்று நிற்கிறதே, மண்ணில் நஞ்சிருந்தால் கருகியிருக்காதா?” என்று கேட்பவர்கள் ஜப்பானின் டொயாமாவைப் பார்க்கட்டும். கமியோகா சுரங்கத்திலிருந்து காட்மியம் என்ற நச்சு உலோகம் ஜின்சூ ஆற்றுநீரோடு வயலில் இறங்கியது. அந்த வயல்களின் அரிசியைத்தான் மக்கள் பல்லாண்டு உண்டார்கள். சிறுநீரகம் கெட்டு, எலும்பு முறிந்து, வலியில் துடித்தார்கள்; பெரும்பாலும் குழந்தை பெற்ற பெண்கள். இத்தாய் இத்தாய் எனப்பட்ட அந்த நோயை, சூழல் மாசால் வந்ததென அரசு ஏற்றது 1968இல்தான்.

நெல்லின் வேர் மாங்கனீசை உள்ளிழுக்கும் வழியிலேயே காட்மியமும் நுழைந்துவிடுகிறது. செடி அதைச் சிறு புரதங்களால் கட்டி, செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழியில் பூட்டி வைக்கிறது. தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு அது, நம்மைக் காக்க அல்ல. பூட்டில் அடங்காதது தண்டேறித் தானியத்துக்குப் போகிறது. விளைச்சல் குறையும் முன்பே அரிசி உண்ணத் தகாததாகிவிடலாம்.

வயலில் நீர் தேக்கினால் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். ஆனால் அதே நீர் மண்ணிலுள்ள ஆர்சனிக் என்ற இன்னொரு நஞ்சை இளக்கிவிடும். இரண்டும் உள்ள நிலத்தில் விவசாயி என்ன செய்வார்?

“சூரியகாந்தி நட்டால் மண் சுத்தமாகிவிடும்” என்பதும் பாதி உண்மைதான். உலோகம் அழிவதில்லை, மண்ணிலிருந்து செடிக்கு இடம் மாறுகிறது, அதுவும் பல பருவங்களில் கொஞ்சம் கொஞ்சமாக. அறுத்த தட்டையை மாட்டுக்குப் போட்டால் அந்த உலோகம் பாலுக்கும் இறைச்சிக்கும் வரக்கூடும். மட்கவைத்து உரமாக்கினால் மறுபடி வயலுக்கே வரும். மண்ணையும் தானியத்தையும் ஆய்வகத்தில் சோதிக்காமல் யாரும் நற்சான்று வழங்க வேண்டாம்.