அறிவின் கிளைகளுள் மேல் கீழ் இல்லை

அறிவைக் கூறுபோட்டு, ஒரு கூற்றை உயர்ந்ததென்றும் மற்றொன்றைத் தாழ்ந்ததென்றும் விலைகூறும் கேடான பழக்கம் நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. பத்தாம் வகுப்பில் நிரம்ப மதிப்பெண் பெற்றவன் இயற்பியலுக்கும் வேதியலுக்கும் போக வேண்டும். குறையப் பெற்றவன் வரலாற்றுக்குப் போக வேண்டும். எங்கும் இடம் கிடையாதவன் தமிழுக்கு வர வேண்டும் என்பது எழுதாச் சட்டமாக நின்று நிலவுகின்றது. இதனால் தமிழாசிரியர்க்கு நேர்ந்த மதிப்பிழப்பை முறையிட நான் வரவில்லை. ஆராய்ச்சிக்கு நேரும் இழப்பையே எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் கீழடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அங்குக் கிடைத்த பொருளொன்று கி.மு. 580-ஐச் சார்ந்தது என்று பெருமிதத்தோடு கூறினேன். மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அதில் ஆண்டு எழுதியிருந்ததா?” என்று வினவினான். இல்லை என்றேன். “பின்னை எவ்வாறு கண்டுபிடித்தார்கள்?” என்றான். “அஃது அறிவியல், அறிவியலாசிரியரைக் கேள்” என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் அவன் திரும்பி வந்து, “அது வரலாறாம் ஐயா; உங்களையே கேட்கச் சொன்னார்” என்றான். வகுப்பே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை; நாணமே வந்தது. அறிய விரும்பிய பிள்ளையை ஆசிரியர் இருவர் பந்தாடினோம். ஒருவர்க்கும் விடை தெரியாது. தெரியாதென்று ஒப்புக்கொள்ளும் நேர்மையும் இல்லை. அன்று தொடங்கிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

உயிரோடிருக்கும் மரஞ்செடிகளும் விலங்குகளும் தத்தம் உடம்பில் கரிமத்தை ஓயாது சேர்த்துக்கொள்கின்றன. அதனுள் மிக மிகச் சிறிய பங்கு கதிரியக்கமுடையது, கரிமம்-14 எனப்படுவது. உயிர் நீங்கியதும் புதிய கரிமம் சேர்வது நின்றுபோகும். உள்ளிருக்கும் கரிமம்-14 ஏறத்தாழ 5,730 ஆண்டுகட்கு ஒருமுறை செம்பாதியாகக் குறைந்துகொண்டே வரும். எஞ்சியதை அளந்தால், அம் மரம் பட்டும் அந் நெல் அறுப்புண்டும் எத்துணை ஆண்டு கழிந்தனவென்று கணக்கிடலாம். இம் முறையைச் சிக்காகோப் பல்கலைக்கழகத்து வேதியலறிஞர் வில்லார்டு இலிபியும் அவருடன் பணியாற்றியோரும் 1949-இல் நிறுவிக் காட்டினர். 1960-இல் இலிபிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதுகாறும் கூறியது வேதியலின் பெருமை. ஆனால், தம் கணக்கு மெய்யென்று இலிபி எவ்வாறு மெய்ப்பித்தார் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். முன்னமே காலம் தெரிந்த பொருளொன்றை அளந்து பார்த்தாலன்றோ புதிய அளவுகோல் சரியா என்று தெரியும்? அதற்கென அவர் எடுத்துக்கொண்டவற்றுள் சோசர், சினெபுரு என்னும் எகிபதிய மன்னர்தம் கல்லறைகளில் கிடைத்த மரத்துண்டுகளும் இருந்தன. அம் மன்னர்தம் காலத்தை அவர்க்குச் சொன்னவர் யார்? வரலாற்றறிஞர். வரலாற்றறிஞர்க்கு எகிபதிய மன்னர் பட்டியல்களைப் படிக்க வழிதிறந்தவர் யார்? 1822-இல் அப் பழம் எழுத்தின் பூட்டைத் திறந்த பிரெஞ்சு மொழியறிஞர் சாம்பொலியோன். இறந்த மொழியொன்றின் எழுத்தோடு போராடிய அவரை நோக்கி, ‘இதனால் பயன் என்ன?’ என்று கேட்டோர் அன்றும் இருந்திருப்பர். நூற்றிருபத்தேழு ஆண்டு கழித்து, அணுவை அளக்கும் கருவிக்கே அவ் எழுத்தாராய்ச்சி உரைகல்லாயிற்று.

இன்னுமொன்று. ஆண்ட்ரூ எல்லிகாட் டக்ளசு என்னும் அமெரிக்க வானியலறிஞர், கதிரவனின் கரும்புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் மழை வளத்திற்கும் தொடர்புண்டா என்று அறிய விரும்பினார். அதற்காக மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணத் தொடங்கினார். வானத்தை ஆய வந்தவர் மரத்தை எண்ணிக்கொண்டிருந்தார். அவ் எண்ணிக்கையே, அமெரிக்கத் தென்மேற்கிலுள்ள பழங்குடி மக்களின் பாழடைந்த குடியிருப்புகள் எவ் எவ் ஆண்டில் கட்டப்பெற்றன என்பதை 1929-இல் திட்டமாகச் சொல்லிற்று. பிற்காலத்தில் இலிபியின் முறையிற் கண்ட பிழையைத் திருத்தியதும் மரவளையமே. காற்றிலுள்ள கரிமம்-14 எல்லாக் காலத்தும் ஒரே அளவினதாக இருந்ததில்லை. அவ் ஏற்றத் தாழ்வை ஆண்டு வாரியாகத் தன்னுள் பொதிந்து வைத்திருந்தது மரம். எனவே இன்று கரிம ஆண்டு ஒன்று கூறப்பெறின், அதன் பின்னால் வேதியல், இயற்பியல், வானியல், மரவியல், வரலாறு, மொழியியல் ஆகிய அத்தனையும் கைகோத்து நிற்கின்றன என்று அறிக. இவற்றுள் எதனை மேலென்பது? எதனைக் கீழென்பது?

இனி நம் மண்ணுக்கு வருவோம். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட கீழடி அறிக்கையில், 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிமப் பொருளின் காலம் கி.மு. 580 என அமெரிக்க ஆய்வுக்கூடமொன்று கணித்தது கூறப்பெற்றுள்ளது. அங்குக் கிடைத்த எலும்புகள் புனேயிலுள்ள தக்காணக் கல்லூரியில் ஆயப்பெற்றன. ஆவும் எருமையும் ஆடும் அங்கு வளர்க்கப்பெற்றமை விளங்கிற்று. பானையோடுகளின் கலவையை வேலூர்ப் பல்கலைக்கழகத்தார் ஆய்ந்தனர். ஓட்டிற் கீறிய தமிழி எழுத்தைப் படிக்க எழுத்தறிஞர் வேண்டும். அதிலுள்ள பெயரின் பொருளை உணரத் தமிழறிந்தோர் வேண்டும். இவருள் ஒருவர் இல்லையாயினும் கீழடி நமக்கு அரைகுறையாகவே பேசியிருக்கும்.

எண்ணிக் கணக்கிடும் முறையும் இன்று மொழிக்கும் வரலாற்றுக்கும் துணையாய் வந்துவிட்டது. சப்பானிய வரலாற்றறிஞர் நொபோரு கராசிமா, நம் எ. சுப்பராயலு, தோரு மத்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து, 1978-இல் அடைவாக வெளியிட்டனர். எப் பட்டம் எக் காலத்தில் எப் பகுதியில் மிகுகின்றது என்று எண்ணிப் பார்த்துக் குமுகாய மாற்றத்தைக் காண அது வழிசெய்தது. உயிரினங்களின் குடிவழியைக் கணிக்க உயிரியலார் கையாளும் முறையைக் கொண்டு, 2018-இல் ஆய்வாளர் சிலர் திரவிட மொழிகள் இருபதை ஆய்ந்து, அக் குடும்பத்தின் அகவை ஏறத்தாழ 4,500 ஆண்டு என்று முடிவு கூறினர். அம் முடிவு நம்மில் பலர்க்கு ஒவ்வாது. ஒவ்வாதெனின் மறுக்கலாம், ஆனால் அம் முறையைக் கற்றன்றோ மறுத்தல் வேண்டும்? கணக்கறியாத் தமிழ்ப்புலவன் எத்துணை உரக்கக் கூவினும் அஃது ஆராய்ச்சி அரங்கில் மறுப்பாகாது.

ஈண்டு எம்மவரையும் நான் விடமாட்டேன். கல்லூரிதோறும் தமிழாய்வேடுகள் குவிகின்றன. ஒரே உவமைப் பட்டியல், ஒரே உள்ளடக்கப் பகுப்பு, ஆசிரியர் பெயர் மட்டும் வேறு. புறநானூற்றில் இரும்பு என்று ஆய்வோன் மாழையியல் நூலொன்றைத் தொடுவதில்லை. குறிஞ்சிப்பாட்டின் பூக்களை ஆய்வோன் ஒரு பூவையேனும் நிலைத்திணை அறிஞரிடம் காட்டிக் கேட்பதில்லை. அறிவியல் துறையினர் நிலை இதனினும் மேலன்று. தாம் ஆண்டுக்கணக்கில் ஆய்ந்ததைத் தம் தாய்க்குத் தமிழில் பத்து வரியில் விளக்கத் தெரியாதவர் பலர். தாய்மொழியில் சொல்லத் தெரியாத அறிவு ஊருக்குப் பொதுவான கேணியாகாது; பூட்டிய வீட்டின் கிணறாகவே கிடக்கும்.

இதன் விளைவு சிறிதன்று. கீழடி பற்றி நடுவணரசின் தொல்லியலறிஞர் 2023 சனவரியில் அளித்த அறிக்கை, திருத்தி எழுதுமாறு 2025 மேத் திங்களில் அவர்க்கே திருப்பப்பட்டது. சிவகளையில் இரும்போடு கிடைத்த கரியின் காலம் கி.மு. 3345 என்று 2025 சனவரியில் அறிவிக்கப்பட்டபோது, இன்னும் பல களங்களில் உறுதிப்படுத்தல் வேண்டும் என்று அறிஞர் சிலர் கூறினர். ஐயுறுதல் ஆராய்ச்சியின் அறமே. உண்மையான ஐயத்திற்கும் உள்நோக்கமுடைய தடைக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்துணர நமக்குத் தெரிய வேண்டும். முன்னதற்குச் சான்றால் விடை கூறவும், பின்னதைச் சான்றால் தகர்க்கவும் வல்லவர் நம்மிடையே வேண்டும். அவரை ஆக்குமிடம் மேடையன்று, பள்ளியும் ஆய்வுக்கூடமுமே.

ஆதலின், பெற்றோரே, வரலாறோ மொழியோ விரும்பும் பிள்ளையை மதிப்பெண்ணைக் காட்டித் தடுக்காதீர். தமிழ் முதுகலை பயிலும் மாணவர்க்குப் புள்ளியியலும் காலக்கணிப்பு முறைகளும் பாடமாதல் வேண்டும். அறிவியல் ஆய்வேடு ஒவ்வொன்றும் தமிழில் ஒரு சுருக்கத்தோடு வெளிவருதல் வேண்டும். ஆசிரியர்களே, நம்மால் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு: திங்களுக்கு ஒருமுறையேனும் தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் ஒரே வகுப்பில் ஒருங்கே நின்று ஒரே பொருளைக் கற்பிப்போம். ஒருவர் பாட்டிலுள்ள நெல்லைச் சொல்லட்டும். மற்றவர் தாழியிலுள்ள நெல்லின் அகவையைச் சொல்லட்டும்.

இனியொரு பிள்ளை வினாவோடு எழுந்தால், அவனை ஒரு வாயிலிலிருந்து மற்றொரு வாயிலுக்கு அலையவிடாதிருப்போமாக!