கெடுக்காமல் இருந்தாலே போதும்!

"முதல்ல பேஜ் பளிச்சுன்னு வரட்டும்ல. ஆக்சஸிபிலிட்டி, ஸ்பீடு எல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்."

முதன்முதலாக வலைப்பக்கம் எழுதும் எந்த நண்பனைக் கேட்டாலும் இதே வசனம்தான். பார்வையற்றவருக்கும், மெதுவான இணைப்புக்கும், சின்னத் திரைக்கும் ஒத்துவருகிற பக்கம் என்பது ஏதோ நாலாவது மாடி மாதிரியும், நாமெல்லாம் இன்னும் அஸ்திவாரமே போடாதவர்கள் மாதிரியும் பேசுகிறார்கள். சுத்தத் தப்பு என்கிறேன் நான்.

ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு தலைப்பு, நாலு பத்தி, ஒரு சுட்டி. சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் எதுவும் வேண்டாம், வெறும் எச்டிஎம்எல். உலாவி ஜன்னலைச் சுருக்கினால் வரிகள் தானாக மடங்கும். டேப் விசையைத் தட்டினால் சுட்டிக்குப் போகும். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை ஓடவிட்டால், தலைப்பைத் தலைப்பு என்றே அறிவித்து வாசிக்கும். எடையோ சில கேபி. 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ போட்ட முதல் வலைத்தளத்தை செர்ன் 2013-ல் பழைய முகவரியிலேயே மீட்டு வைத்தது. இன்றைய ஃபோனிலும் அது சட்டென்று திறக்கிறது. ஆக, இந்தக் குணமெல்லாம் எச்டிஎம்எல்லுக்குப் பிறவிக் குணம். நாம்தான் கஷ்டப்பட்டு உழைத்துக் கெடுக்கிறோம் :)

எப்படிக் கெடுக்கிறோம்? (என் முதல் பக்கத்தில் இத்தனையும் இருந்தது!) அகலம் 1200 பிக்சல் என்று ஆணி அடிக்கிறோம். சாதாரண ஃபோனில் உலாவிக்குக் கிடைப்பது சுமார் 360. பட்டன் என்றே ஒரு டேக் இருக்கும்போது, டிவ்வுக்குச் சாயம் பூசி பட்டன் என்கிறோம். விசைப்பலகை மட்டும் வைத்திருப்பவர் அதைத் தொடவே முடியாது. அறிவிப்பைத் தமிழில் தட்டாமல் போஸ்டராக்கி ஒட்டுகிறோம், ஆல்ட்டில் ஒரு வார்த்தைகூட எழுதாமல். தளத்துக்கொரு எழுத்துரு, டிஸ்கி, டாப் என்று ஆளுக்கொரு குறியேற்றம் இருந்த காலத்தில் படமாகப் போட்டதற்கு ஒரு சாக்கு இருந்தது. இன்று எல்லா ஃபோனிலும் யுனிகோடு தமிழ் தெரிகிறது. சாக்கு போய்விட்டது, பழக்கம்தான் போகவில்லை.

"இதனால யாருக்கு என்ன நட்டம்?" என்பவர்கள் 2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஆறுமுகநேரிக்கு அடுத்த ஊரான காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. பல இடங்களில் செல்போன் சிக்னலே இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஒற்றைக் கோடு சிக்னல் கிடைத்தால் எது திறக்கும்? யூடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். இந்தப் பதிவின் எழுத்து மொத்தமும் சுமார் 12 கேபி. கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் 3 எம்பி, அதாவது 250 மடங்கு. 'முகாம் எங்கே' என்ற ஒரு வரியை அந்தப் படத்துக்குள் புதைத்தால் அது யாருக்குப் போய்ச் சேரும்? 2017-ல் இர்மா புயலின்போது சிஎன்என் வெறும் எழுத்தாலான பக்கத்தைக் கொடுத்தது சும்மா இல்லை.

இது தர்ம காரியமும் அல்ல. டிஜிட்டல் சேவைகளை எட்டும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். வியூபோர்ட் வரியைச் சேருங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிப்பிடுங்கள், திரைவாசிப்பான் சரியான குரலைத் தேர்ந்தெடுக்க அதுதான் வழி. படத்தைச் சுருக்கி, ஆல்ட் எழுதுங்கள். ஆணி அடித்த அகலத்தைப் பிடுங்குங்கள். பத்து நிமிஷ வேலை.

'பொறவு' பார்க்கலாம் என்றால், அந்தப் 'பொறவு' வரவே வராது. அதற்குள் அடுத்த பேட்ச் நம் கோடைக் காப்பி அடித்திருக்கும், ஆணியோடு சேர்த்து.