எச்சரிக்கும் விளக்கு எரிகிறதா?



மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்துகொண்டு படகு எஞ்சினைப் பற்றி எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். களனி கங்கையும் களு கங்கையும் பெருகினால் எமது கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் வீதியில் படகுதான் ஓடும். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் வந்த வெள்ளத்தை இரத்தினபுரி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதே வெளியிணைப்பு எஞ்சின்தான் முல்லைத்தீவிலும் மன்னாரிலும், யுத்தத்தில் கணவரை இழந்த பல சகோதரிகளுக்குச் சோறு போடுகிறது. 1977 வன்செயலின் பின் எமது தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போனவர்களின் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. என் பெரியம்மாவின் மகள் அப்படி ஒருத்தி. படகும் எஞ்சினும் அக்காவுடையவை. கடலுக்குப் போவது வேறொருவர். எஞ்சின் பழுதானால் கடன் மட்டும் அக்காவின் தலையில். ஆகவே எஞ்சினைச் சோதிக்கத் தெரிந்திருப்பது எமக்கும் தேவையான அறிவுதான்.

இந்த எஞ்சின் வெளியே உள்ள நீரை உறிஞ்சித்தான் தன் சூட்டைத் தணித்துக் கொள்கிறது. சேறோ, இலையோ, பொலித்தீனோ நீர் போகும் வாயை அடைத்தால் சூடேறிவிடும். வெள்ள நீரில் இவை மூன்றுக்கும் குறைவில்லை. சூடு கூடினாலோ ஒயில் குறைந்தாலோ பெரிய எஞ்சின்களில் சிவப்பு விளக்கு எரியும், 'பீப்' என்று ஒலிக்கும். சில எஞ்சின்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். ஆனால் அந்த விளக்கே பழுதாகியிருந்தால்? வயரை உப்பு அரித்திருந்தால்? எஞ்சின் சுகமாக இருந்தாலும் விளக்கு எரியாது; விளக்கு செத்துப் போனாலும் எரியாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எனவே புறப்படு முன் இவற்றைச் செய்யுங்கள்:

1. திறப்பை 'ஒன்' நிலைக்குத் திருப்புங்கள். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பல எஞ்சின்களில் விளக்குகள் சற்று எரிந்து, ஒலியும் கேட்கும். உங்கள் எஞ்சினில் எவை எரிய வேண்டும் என்பதைக் கைநூலில் பாருங்கள்.

2. ஸ்டார்ட் ஆன பின் சிவப்பு விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் எஞ்சினை நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

3. எஞ்சினின் சிறு துவாரத்தால் நீர் பீறிட்டு வருகிறதா என்று பாருங்கள். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சிறிய எஞ்சின்கள் பலவற்றில் விளக்கும் இல்லை, ஒலியும் இல்லை. அவற்றுக்கு இந்த நீர்தான் விளக்கு. அது நின்றால் எஞ்சினையும் நிறுத்துங்கள்.

4. ஓட்டுபவரின் உடலில் கட்டும் நிறுத்தற் கயிற்றை இழுத்துப் பாருங்கள். எஞ்சின் உடனே நிற்க வேண்டும்.

கரையில் நீரில்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்க்கக் கூடாது. உள்ளே நீரை இறைக்கும் இறப்பர்ச் சக்கரம் சிறிது நேரத்திலேயே கெட்டுவிடும். பீப்பாயில் நீர் நிரப்பி, அதற்குள் இறக்கியே ஓட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதுங்குகுழியில் இருந்து எழுந்து வந்தவர்களுக்குத் திடீரென ஒலிக்கும் எந்தச் சத்தமும் நெஞ்சை நடுங்க வைக்கும். அக்கா ஒலிவரும் வயரைக் கழற்றிவிடவே எண்ணியிருந்தாள். "இப்போது அடிக்கப் போகிறது" என்று முன்கூட்டியே சொல்லி அடிக்க வைத்தபோது பயம் குறைந்தது. இன்று அவளே திறப்பைத் திருப்பி, கேட்ட பிறகுதான் படகை அனுப்புகிறாள். பிள்ளைகளுக்கும் இப்படியே சொல்லிப் பழக்குங்கள்.

தோட்டத்துச் சகோதரிகளே, மே மாத மழைக்கு முன் உங்கள் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்: வெள்ளத்துக்கு வரும் படகு எது? அதன் எஞ்சினைச் சோதித்தது எப்போது? எச்சரிக்கையைத் தமிழிலும் சொல்வார்களா? இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை லயத்துச் சுவரில் எழுதி வையுங்கள். கேட்பது எமது உரிமை. நீர் வாசலுக்கு வந்த பிறகு கேட்க நேரம் இராது.