முதலில் உங்கள் தெரு!

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தெருவைச் சேர்க்க எந்த ஜி.பி.எஸ். கருவி வாங்கலாம் என்று சகோதரிகள் சிலர் கேட்கிறார்கள். இப்போதைக்கு ஒண்ணும் வாங்காதீங்க என்பேன் நான். 2004-ல் தொடங்கிய இந்த வரைபடம், தொண்டர்கள் கூடி வரைவது. பெயரைப் பதிவு செய்ய காசு கிடையாது. கைபேசியே திறந்தவெளியில் சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே தடுமாறும். அங்கே செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். நாள் முழுக்கக் காடுமலை சுற்றுபவர்களுக்குத்தான் பேட்டரி மாற்றும் தனிக் கருவி.

வேறு வரைபடத்தைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது. கண்ணால் கண்டதையே குறிக்கணும். முதலில் தெருப் பெயர், பிறகு மருந்துக்கடை, ஆரம்ப சுகாதார நிலையம். 2015 சென்னை வெள்ளத்தில், நீர் சூழ்ந்த தெருக்களைத் தொண்டர்கள் குறித்தது இந்த வரைபடத்தின் மேல்தான். வரைபடத்தில் இல்லாத சந்துக்கு உதவி எப்படிம்மா சீக்கிரம் வந்து சேரும்?