அளவுகோலும் ஆரோக்கியமும்

ஆரம்ப சுகாதார நிலையம் என்பது ஏழை ஜனங்களுக்குச் சர்க்கார் இடும் பிச்சையன்று. அது பிரஜைகளின் உரிமை. அவ்வுரிமை செவ்வனே நிறைவேறுகிறதா என்பதை அளந்தறியும் பொருட்டு, மத்திய சர்க்கார் 2013ஆம் வருஷத்தில் தேசியத் தர நிர்ணயங்களை ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கென வகுத்தனர். அடுத்த வருஷத்தில் அவை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் விஸ்தரிக்கப்பட்டன. சேவை, நோயாளியின் உரிமை, தொற்றுத் தடுப்பு, பலன் முதலாய எட்டுத் துறைகளில் பரீட்சை நடைபெறுகிறது. ஒவ்வோர் அம்சத்திற்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என மதிப்பெண் இடுகின்றனர். நூற்றுக்கு 70க்குக் குறையாது பெறும் நிலையமே நற்சாட்சிப் பத்திரத்திற்கு உரியதாகும்.

இம்முயற்சியை நாம் மனமார வரவேற்கிறோம். பிரசவ அறை சுத்தமாயிருப்பதும், மருந்து தட்டாமல் கிடைப்பதும் அற்ப விஷயங்களல்ல. ஆயினும் ஒரு கேள்வி எழாமலிராது. நிலையம் தேறிவிட்டால் கிராமம் தேறிவிட்டதாகுமா?

மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் இன்று குடும்பங்களை அரிப்பவை இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் போன்ற நெடுநாள் வியாதிகள். இவை நிலையத்தின் சுவர்களுக்குள் பிறப்பவையல்ல. உணவிலும், புகையிலையிலும், மதுவிலும், வாழ்க்கை முறையிலும் வேரூன்றியவை. இதையுணர்ந்தே தமிழ்நாட்டுச் சர்க்கார் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, வைத்தியத்தை வீட்டு வாசலுக்கே அனுப்பினர். வாசலுக்குச் சென்ற வைத்தியத்தை அளக்கும் கோலும் வாசலைத் தாண்டிச் செல்ல வேண்டாமா?

இது புதிய வாதமன்று. நோய் வந்தபின் மருந்தளிப்பதைவிட வராமற் காப்பதே பிரதானம் என்பதை 1946இல் போர் கமிட்டியார் தமது அறிக்கையில் வற்புறுத்தினர். அதற்கு முன்னரே, 1939இல், சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றி வழிகாட்டியது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐரோப்பியக் கிளையார் 2004இல் ஆஸ்பத்திரிகளின் ஆரோக்கிய வளர்ச்சிப் பணிக்கென்றே ஐந்து தர நிர்ணயங்களை வெளியிட்டனர். நோயாளிக்குத் தகுந்த போதனையளிப்பதும், ஊழியரின் சுகத்தைப் பேணுவதும், வெளியிலுள்ள சேவைகளுடன் ஒத்துழைப்பதும் அவற்றுள் அடங்கும்.

நீதி ஸ்தலத்தில் ஆவணம் ஒன்றே போதாது. சாட்சியின் வாய்மொழியும் வேண்டும். ஏட்டைப் புரட்டுவதோடு நில்லாமல் நோயாளியையும் ஊழியரையும் விசாரிக்க வேண்டுமென்று இத்தர நிர்ணயங்களே விதித்திருப்பது போற்றத்தக்கது. ஆனால் நிலையத்துக்கு வந்தவரை விசாரித்தால் மட்டும் போதாது. வாராதவரையும் தேடி விசாரிக்க வேண்டும். கிராம சுகாதார நர்ஸின் பொழுதெல்லாம் பதிவேடு நிரப்புவதிலேயே கழியுமானால், தரம் ஏட்டில் வளரும், ஆரோக்கியம் தேயும்.

ஆகவே நாம் கோருவன மூன்று. முதலாவது, இரத்தக் கொதிப்பு கண்டறியப்பட்டோரில் எத்தனை பேருக்கு அது கட்டுக்குள் வந்தது என்பதற்குப் பரீட்சையில் முதன்மை அளிக்க வேண்டும். இரண்டாவது, ஒரே விவரத்தைப் பல ஏடுகளில் எழுதும் சுமையை நர்ஸுகளிடமிருந்து நீக்க வேண்டும். மூன்றாவது, பரீட்சையின் முடிவைக் கிராம சபையில் தமிழில் வாசித்து, ஜனங்களின் கேள்விகளுக்கு வைத்திய அதிகாரி விடையளிக்க வேண்டும்.

சர்க்கார் மட்டும் விழித்திருந்தால் போதாது. அடுத்த கிராம சபையில் நமது தொண்டர்கள் எழுந்து இக்கேள்வியைக் கேட்பார்களாக. சுவரில் தொங்கும் நற்சாட்சிப் பத்திரம் நிலையத்திற்குப் பெருமை. நோயின்றி உழைக்கும் குடியானவனே தேசத்திற்குப் பெருமை.